கடுகு டீச்சர் மறித்த பாலம்

உறையின் மேல் 'கோபம்' என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டால், தபால்காரர் யாரையும் விசாரிக்காமல் அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். அப்படியொரு பெயர் அவளுக்கு. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். குள்ளமான உருவம், உருண்டை முகம், எண்ணெய் காய்ந்த நொடியில் பொரிகிற குணம். பிள்ளைகள் வைத்த பெயர் கடுகு டீச்சர். அது அவள் காதுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "கடுகு தாளிக்காம எந்த வீட்டுல சமையல் முடியுது? போங்கடி" என்று ஒருநாள் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள்.

பிறக்கும்போதே யாரும் கோபத்தோடு பிறப்பதில்லை. ஊர் அதை மறந்துவிடுகிறது. அவளுக்குச் சின்ன வயதில் பாலம் கட்ட ஆசை. மழைநீர் ஓடும் சாக்கடையின் மேல் விளக்குமாற்றுக் குச்சிகளை அடுக்கி, அதன் மேல் கூழாங்கற்களை நடக்கவிட்டு விளையாடிய பெண் அவள். பள்ளி இறுதியில் அண்ணனைவிட அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஒரே வீட்டுல ரெண்டு இன்ஜினியர் எதுக்கு? பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேலைதான் பாந்தம்." அண்ணன் இன்ஜினியரிங் சேர்ந்து, இரண்டாம் வருடத்திலேயே கசந்துபோய் வெளியே வந்து, செல்போன் கடை வைத்தான். அவள் டீச்சரானாள். அண்ணன் கடைக்கு ரிப்பன் வெட்டக் கூப்பிட்டபோது அவள் போகவில்லை. பொறாமைக்காரி என்றார்கள். கோபம் வராதா பின்னே?

அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை பைப் கான்ட்ராக்டர். டவுன் ஆபீசில் பதிவு செய்துகொண்டு, தெருத்தெருவாகக் குடிநீர்க் குழாய் பதிக்கிறவர். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், வாய் நிறையச் சிரிப்பார். உலகத்திலுள்ள எல்லாக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான். பாத்துக்கலாம். வீட்டுச் சமையலறைக் குழாய் கல்யாணமான புதிதிலிருந்து சொட்டுகிறது. குழாய்க்காரர் வீட்டுக் குழாய்! அவள் அதில் துணி சுற்றி வைத்திருக்கிறாள். கேட்டால், "பாத்துக்கலாம்." அவள் குரலை உயர்த்தினால், "டீச்சரம்மா பாடம் ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் உக்காருங்கப்பா" என்று சிரித்தபடி டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அடி வாங்கிய பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். சிரிப்பை வாங்கிய பெண்ணுக்கு யார் வருவார்கள்? "உன் வீட்டுக்காரர் எவ்வளவு ஜாலி! உனக்கு ஏன்டி எப்பப் பாத்தாலும் மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சுற்றத் துணிதான் இல்லை.

அவளுக்கென்று இருந்தது அவளுடைய வகுப்பு. வருடா வருடம் ஐஸ் குச்சிகளை ஒட்டி ஒரு மாதிரிப் பாலம் செய்வாள். கீழே ஒரு வரிசைக் குச்சி, மேலே ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவே சாய்வுக் குச்சிகள் முக்கோணம் முக்கோணமாக. ஒவ்வொரு முக்கோணத்தின் உச்சியிலிருந்தும் ஒரு குச்சி நேராக இறங்கி, கீழ்வரிசையை நடுவில் பிடித்திருக்கும். அதற்குத் தொங்கு குச்சி என்று பெயர் வைத்திருந்தாள். பாலத்தின் நட்டநடுவில், சாய்வுக் குச்சிகள் வந்து சேரும் இடத்தில், மணல் நிரப்பிய ஒரு சின்ன வாளியைத் தொங்கவிடுவாள். பிறகு கரும்பலகையில் தனித்த பொருள் விசைப்படம்.

"மொதல்ல அந்த ஒரு முடிச்சை மட்டும் தனியா பிச்சு எடு. பாலம் கிடையாது, தரை கிடையாது, உலகமே கிடையாது. அது ஒண்டியா அந்தரத்துல நிக்குது. இப்ப அதை யார் யார் இழுக்கறாங்க, யார் யார் தள்ளறாங்க? அதுக்கு மட்டும் அம்பு போடு. அது யாரை இழுக்குதுங்கற கதை நமக்கு வேணாம்."

தொங்கு குச்சியின் அடிமுடிச்சைப் படம் போடுவாள். இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு. "ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு கணக்கு நேராயிடுச்சு. மேல ஒருத்தன் பிடிச்சிருக்கான். வாளி நடுவுலதானே தொங்குது, அப்ப இந்த முடிச்சைக் கீழ இழுக்க யார் இருக்கா?"

"யாருமில்ல டீச்சர்!"

"யாரும் கீழ இழுக்கலைன்னா மேல இருக்கறவன் எதைப் பிடிக்கப்போறான்? விசை பூச்சியம். சும்மா நிக்கறான். ஆபீசுக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுத் தூங்கற ஆளு மாதிரி." சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து அந்தக் குச்சியை நறுக்கென்று வெட்டுவாள். பாலம் அசையாது. வகுப்பு கைதட்டும். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான நேரம் அது.

இந்த வருடம் அவள் அதைச் செய்துகாட்டிய அன்று, ஆய்வகத்தின் கைகழுவும் தொட்டியில் அடைப்பு. அதைச் சரிசெய்ய அவள் கணவர்தான் வந்திருந்தார். தொட்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு வேலை பார்த்தவர், குச்சியை வெட்டியதும் தலையை வெளியே நீட்டி எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினார். தன் பேச்சுக்கு அவர் கைதட்டியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது, பாவம்.

ஒரு மாதம் போயிருக்கும். அதே பாடம், பக்கத்துப் பிரிவுப் பிள்ளைகளுக்கு. குச்சியை வெட்டினாள். கைதட்டல் அடங்குமுன் முதல் பெஞ்சு ரெட்டைச்சடை எழுந்தாள்.

"டீச்சர், உங்க வீட்டு சார் நம்ம நடைபாலத்துலயும் இதே மாதிரி ஒரு கம்பிய வெட்டினாரு டீச்சர்! குழாய் போட எடம் பத்தலைன்னு. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். வேலையாளுங்க வேணாம்னு சொன்னாங்க. 'அட இதுல விசை பூச்சியம்டா, எங்க டீச்சரம்மாவே சொல்லியிருக்கு'ன்னு சார் பெருமையா சொன்னாரு!"

வகுப்பு மறுபடி கைதட்டியது. டீச்சர் வீட்டுப் பெருமைக்கு.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "எந்தக் கம்பி?"

"நேரா தொங்குமே டீச்சர், அது. வால்வு இருக்கற எடத்துல. தண்ணி பீச்சியடிக்குமே, நாங்க தெனம் கை கால் நனைப்போமே, அங்கதான்."

அவள் பாலத்தின் நடுவில் தொங்கிய வாளியைக் கழற்றினாள். வெட்டிய குச்சியின் அடிமுடிச்சில் கொண்டுபோய் மாட்டினாள். கையை எடுத்தாள். கீழ்க்குச்சி ஒரு கணம் வில்லாக வளைந்தது. பிறகு படாரென்று முறிந்தது. மணல் மேசையெல்லாம் கொட்டியது.

"சூப்பர் டீச்சர்!" என்று பின்பெஞ்சு கத்தியது.

"பூச்சியம்னு சொன்னீங்களே டீச்சர்?" என்றாள் ரெட்டைச்சடை குழப்பத்தோடு.

"வாளி நடுவுல தொங்கினப்ப பூச்சியம். வாளி இங்க வந்தா, மொத்த வாளியும் அந்த ஒத்தக் கம்பி தலையில." சொல்லும்போதே அவள் குரல் கிழிந்தது. அப்படியே வகுப்பை விட்டு வெளியே போனாள். மணி அடிக்காமல் அவள் வகுப்பை விட்டு வெளியே போனதை அந்தப் பள்ளி அன்றுதான் பார்த்தது.

பள்ளிக்கும் குடியிருப்புத் தெருக்களுக்கும் நடுவே ஒரு கால்வாய். அதன் மேல் இரும்பு நடைபாலம். தெருக்களைச் சுற்றிப் போக மனமில்லாத அத்தனை பிள்ளைகளும் அதில்தான் வருவார்கள், போவார்கள். அவள் தினமும் நடக்கிற பாலம்தான். ஆனால் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தவள், பாலத்தை நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று!

புதுக் குழாய் பாலத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி ஓடியது. முக்கோணத்தின் உச்சியிலிருந்து இறங்க வேண்டிய கம்பி அங்கே இல்லை. மேலே ஒரு முழம், கீழே ஒரு சாண், அவ்வளவுதான் மிச்சம். நடுவில் கொழுத்த சக்கரப்பிடியோடு வால்வு உட்கார்ந்திருந்தது. வெட்டிய முனைகளுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார். வெட்டுக் காயத்துக்குப் பவுடர் பூசியது போல!

வால்விலிருந்து தண்ணீர் விசிறியடித்துக்கொண்டிருந்தது. அதுவும் அவர் கைவேலைதான். அந்தத் தண்ணீருக்காகத்தான் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே தேனீயாய் மொய்க்கிறார்கள். பாலத்தில் எத்தனையோ இடம் இருக்க, சரியாக அந்த இடத்தில், அந்த ஒரே முடிச்சின் மேல் கூட்டமாக நிற்க வைத்துவிட்டாரே மனுஷன்!

அவள் மண்டியிட்டு, கீழ் இரும்புச் சட்டத்தின் நீளத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள். கோடு போட்டது போல் ஓடிய சட்டம், வால்வுக்குக் கீழே தொய்ந்திருந்தது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றி எரிந்தது.

கணவரின் கடை இரண்டு தெரு தள்ளி. கல்லாவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள், கணவரின் அக்கா. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால், இன்னமும் இடுப்பிலிருந்து இறக்கிவிடாதவள். கணவர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு குழாயின் முனையில் திருகுமரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அடடே, டீச்சரம்மா! ஸ்கூலுக்கு லீவா?"

"நடைபாலத்துல கம்பிய வெட்டினீங்களா?"

"ஆமா. வால்வு உக்காரல. நீதான சொன்ன, அதுல விசை பூச்சியம்னு? நான் சும்மா வெட்டலம்மா, சுத்தியலால தட்டியும் பாத்தேன். தொளதொளன்னு இருந்துச்சு."

"காலியா இருக்கற பாலத்துல தட்டினா தொளதொளன்னுதான் இருக்கும்! அதுக்குக் கீழ ஆள் நிக்கறப்பத்தான் அது இழுத்துப் பிடிக்கும். வாளி நடுவுல தொங்கறப்பன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"எனக்கு அது காதுல விழல. தொட்டிக்கு அடியில இல்ல இருந்தேன்?" என்று சிரித்தார்.

சிரித்தார்! அவள் கை அருகிலிருந்த ஒரு முழங்கைக் குழாயை இறுகப் பிடித்தது. வீசத்தான் நினைத்தாள். தரையில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவள் பேச்சை மதித்து ஒரு காரியம் செய்திருக்கிறார். அதிலும் பாதிப் பேச்சை! மீதிப் பாதி இந்தச் சிரிப்பில் கரைந்துபோயிருந்தது.

"இப்பவே வாங்க. டவுன் ஆபீஸ்ல போயி நீங்களே சொல்லுங்க. பாலத்த மூடச் சொல்லுங்க."

அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஆபீஸ்ல சொன்னா என் பேர எடுத்துருவாங்க. அப்புறம் ஒரு வேலை குடுப்பானா? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயி, வால்வைக் கொஞ்சம் தள்ளி வெச்சு, புதுக் கம்பி ஒண்ணு வெல்டு அடிச்சுடறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுரும். பாத்துக்கலாம்."

"சட்டம் ஏற்கெனவே தொய்ஞ்சு கிடக்கு. அதைத் தூக்கி நிறுத்தாம கம்பிய ஒட்டி என்ன புண்ணியம்? ஞாயிறு வரைக்கும் புள்ளைங்க என்ன பறந்தா போகும்?"

நாத்தனார் கல்லாவை மூடினாள். "இந்தா பாரு, நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஊர்ல எவ்வளவோ பாலம், எவ்வளவோ கம்பி. உனக்கு மட்டும்தான் கண்ணு தெரியுதா? கட்டின புருஷனைக் காட்டிக் குடுக்கக் கிளம்பிட்டியே, நல்லாயிருக்கா?"

"அண்ணி, அந்தக் கம்பிய வெட்டினப்ப உங்க தம்பி என் பேரைச் சொல்லித்தான் வெட்டியிருக்காரு. நாளைக்கு ஒரு புள்ள கால்வாயில விழுந்தா, என் பேரைச் சொல்லித்தான் விழும்."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும்."

"தூக்கிட்டுப் போவட்டும் அண்ணி. அதுவாவது என்னைச் சுமக்கும்."

கடையிலிருந்து நேராக டவுன் ஆபீஸ். இன்ஜினியர் வெளி வேலைக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. முன்மேசைக்காரர் கொட்டாவியோடு கேட்டார், "எழுதிக் குடுங்க. யார் வெட்டினதுன்னு தெரியுமா?"

"தெரியும். என் வீட்டுக்காரர்."

அவர் பேனாவை மூடினார். உதட்டோரம் ஒரு புன்னகை. "அம்மா, வீட்டுச் சண்டைய வீட்டுல பேசித் தீத்துக்கங்க. இதுக்கெல்லாம் பாலத்த இழுக்கலாமா?"

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், உங்களுக்குக் கோபம் வராதா? ஒரு பெண் வாயைத் திறந்து, இது இடியப்போகிறது என்று சொன்னால், அவள் வீட்டில் என்ன சண்டை என்றுதான் உலகத்துக்குத் தோன்றுமா?

பள்ளிக்குத் திரும்பினாள். தலைமையாசிரியை கையைப் பிசைந்தார். "உத்தரவு இல்லாம பாலத்த எப்படிம்மா மூடறது? நாளைக்கு எழுதிப் போடலாம்."

"உத்தரவு வர்ற வரைக்கும் பாலம் பொறுத்துக்குமான்னு நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க மேடம்."

கடைசி மணிக்குக் கொஞ்சம் முன்னால், தன் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஆய்வக பெஞ்சுகளைத் தூக்கிவந்து பாலத்தின் வாயில் குறுக்கே அடுக்கினாள். மறுகரையை மறிக்க ஆள் இல்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். குள்ளம்தானே, ஏறினால்தான் தெரியும். மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வந்து முட்டினார்கள்.

"எல்லாரும் சுத்திப் போங்க! ஒருத்தி கால் வெச்சாலும் காலை ஒடிச்சுடுவேன்!"

மறுகரையில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர்கள் கூச்சல் போட்டார்கள். "என்ன டீச்சர் இது, ரோடு ரோலர் மாதிரி நடுவுல நிக்கறீங்க?" "எங்களுக்கு வேற வேலை இல்லையா?" ஒரு சைக்கிள்காரர் மணியை விடாமல் அடித்தார். அவள் கம்பி வெட்டப்பட்ட கதையைத் தொண்டை வறளக் கத்தினாள். பாதிதான் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். நாத்தனார் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மறுகரையில், தன் வேலையாட்கள் இரண்டு பேரோடு, அதே சிரிப்போடு.

"அட, ஒண்ணுமில்லைங்க! காலையில வாங்கிட்டு வரச் சொன்னதை நான் மறந்துட்டேன். டீச்சரம்மாவுக்கு என் மேல கோபம். பாலத்து மேல காட்டுறாங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், அவளுடைய பிள்ளைகளுக்கு முன்னால். அவள் கண்ணில் நீர் முட்டியது. அது அழுகை இல்லை, கொதிநீர்.

"பாலம் கல்லு மாதிரி இருக்கு. நான் வர்றேன் பாருங்க." அவர் பாலத்தில் கால் வைத்தார். வேலையாட்கள் பின்னால் வந்தார்கள். அவசரக்கார அப்பாக்கள் நாலைந்து பேர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணிக்காரர், எல்லோரும் வரிசையாக.

"வராதீங்க! அங்க நிக்காதீங்க!"

அவர் வால்வுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் வந்தவர்களும் அங்கேயே தேங்கினார்கள். "இதான் அந்த எடம். ஏதாவது ஆச்சா?" என்று கேட்டு, குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

இரும்பு முனகியது. நாய்க்குட்டி வாலை மிதித்தது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து துப்பாக்கி வெடித்தது போல ஒன்று. சட்டம் மளுக்கென்று கீழே இறங்கியது. தரைத்தகடு ஒன்று ஓரத்தில் பிய்ந்து வாயைப் பிளந்தது. அவருடைய வலக்கால் அந்தப் பிளவில் கணுக்கால் வரை போய்ச் சிக்கிக்கொண்டது. சைக்கிள் சாய்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட எத்தனித்தார்கள்.

"ஓடாதீங்க! அப்படியே நில்லுங்க!" பெஞ்சின் மேலிருந்து அவள் குரல் அத்தனை பேரையும் ஆணியடித்தது. வகுப்பறைக் குரல் அது. "சைக்கிள விட்டுடுங்க. அந்தப் பக்கம் சாய்வுக் கம்பி ரெண்டும் வந்து சேருது பாருங்க, அந்த எடத்துக்குப் போங்க. கடைசில நிக்கறவர் மொதல்ல! ஒருத்தர் போய்ச் சேந்தப்புறம் அடுத்தவர்! காலைத் தூக்கி நடக்காதீங்க, தேச்சுக்கிட்டுப் போங்க!"

ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வேலையாள் ஒருவன் முதலாளியின் கையைப் பிடிக்கத் திரும்பினான். "வேணாம்! நீயும் நின்னா பாரம் கூடும். போ!" என்று அவனை விரட்டினாள். கடைசியில் அந்த இடத்தில் அவர் மட்டும் மிஞ்சினார். முகத்தில் ரத்தமில்லை. வாய் மட்டும் பழக்க தோஷத்தில் லேசாகத் திறந்திருந்தது.

"செருப்பைக் கழட்டுங்க. வால்வைப் பிடிக்காதீங்க, அதுவே அந்தரத்துல நிக்குது. கைப்பிடிச் சட்டத்தை மேல பிடிச்சு, காலைத் திருப்பி இழுங்க. மெதுவா. இப்ப படுத்துக்கங்க. படுத்தபடியே தவழ்ந்து வாங்க."

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் தலையாட்டினார். சொன்னபடியே தவழ்ந்தார். சாய்வுக் கம்பிகள் சேரும் இடத்தை அவர் எட்டியபோது, பள்ளிக்கூடமே மூச்சை விட்டது. அவள் பெஞ்சிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு சுற்றுவழியில் நடந்தாள். கணவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் வேலையாட்கள்தான். மனசில்லாதவள் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் தெருவில் நிற்கும்போது, அவள் எந்தக் காலைப் போய்ப் பிடிப்பாள்?

அன்றே பாலத்துக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் டவுன் ஆபீசில் விசாரணை. இன்ஜினியர் மேசைக்குப் பின்னால். இந்தப் பக்கம் காலில் கட்டோடு கணவர், சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தியபடி நாத்தனார், வேலையாட்கள். ஒரு ஓரத்து நாற்காலியில் அவள்.

"யார் சொல்லி அந்தக் கம்பிய வெட்டினீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

வேலையாட்கள் அவளைப் பார்த்தார்கள். டீச்சரம்மாவே சொல்லியிருக்கு என்று அவர்கள் காதாரக் கேட்டவர்கள். கணவர் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் வெட்டினேன். என் மனைவிக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல."

நாத்தனார் தேம்பினாள். "தங்கமான மனசுடா உனக்கு! அவ செஞ்ச கூத்துக்கு..."

வேறு ஒரு பெண்ணாயிருந்தால் அந்த இடத்தில் உருகி வழிந்திருப்பாள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்போம். அவள் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது பின்னால் விழுந்தது.

"பொய்!"

இன்ஜினியரின் மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர் முன்னாலிருந்த தாளிலேயே ஒரு புள்ளி வைத்து, இடமும் வலமும் அம்பு போட்டு, மேலே ஓர் அம்பு இழுத்தாள். "இதான் சார் அந்த முடிச்சு. கீழ இழுக்க யாரும் இல்லேன்னா மேல விசை பூச்சியம். இதை நான்தான் வகுப்புல சொன்னேன். இவர் கேட்டாரு. ஆனா ஆள் வந்து நின்னா கீழ ஓர் அம்பு வரும், அப்ப இந்தக் கம்பிதான் மொத்தத்தையும் தாங்கணும். இதை நான் அழுத்திச் சொல்லல. குச்சிய வெட்டினதும் கைதட்டல் வந்துச்சு, அதுல நிறுத்திட்டேன். அது என் தப்பு. எதையும் முழுசா கேக்காம, யாரையும் கேக்காம நெஜப் பாலத்துல போயி வெட்டினது இவர் தப்பு. என் தப்பை இவர் தலையில தூக்கிக்கிட்டு நல்ல பேர் வாங்க வேணாம். எனக்கு யாரோட பெருந்தன்மையும் வேணாம் சார். கணக்கு நேரா இருக்கணும்."



இன்ஜினியர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். முடிவு யாருக்கும் இனிப்பாக இல்லை. கணவரின் பெயரை கான்ட்ராக்டர் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து அவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. பெஞ்சைத் தூக்கிப்போனதற்கும் சேர்த்து.

டவுன் ஆபீஸ் பள்ளிக் கரையில் இருந்ததால், விசாரணை முடிந்து வீடு திரும்பியதும் சுற்றுவழியில்தான். பாலம்தான் இல்லையே. நாத்தனார் ஆட்டோ பிடித்து முன்னால் போய்விட்டாள். "அவளைக் காப்பாத்தத்தானே பாத்த? நீ அவளோட நடந்தே வா" என்று தம்பியை முதல்முறையாக இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுப் போனாள். அவர் ஊன்றுகோலில் நொண்டினார். அவள் நாலடி முன்னால் நடந்தாள்.

"உன்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னேன்?" என்றார் பின்னாலிருந்து.

"யாரு கேட்டா? என்னைச் சம்பந்தமில்லாதவளா ஆக்கிட்டுக் காப்பாத்தறதுக்குப் பேரு காப்பாத்தறதா? கடையில கேட்டேனே, வந்து சொல்லுங்கன்னு? அப்பச் சொல்லியிருந்தா அது ஆம்பளத்தனம். ஊரே பாத்து முடிச்சப்புறம் தியாகம் என்ன வேண்டிக்கிடக்கு?"

"என் பொழப்பே போச்சு. அதுக்கும் திட்டுவியா?"

"திட்டுவேன். அங்க நின்னு குதிகாலால மிதிச்சீங்களே. உங்களுக்குப் பின்னால எத்தனை பேரு நின்னாங்க?"

ஊன்றுகோல் நின்றது. "உனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினார். நடுத்தெருவில், தொண்டை நரம்பு புடைக்க. "தப்புன்னு ஒத்துக்கிட்டாலும் குத்தம், மறைச்சாலும் குத்தம்! நானும் மனுஷன்தானே? பயமா இருந்துச்சுடி! அந்தத் தகட்டுல கால் மாட்டினப்ப செத்தேன்னே நெனச்சேன்! அப்பவும் நீ பாடம்தான் நடத்தின!"

அவள் திரும்பினாள். அவர் முகத்தில் தேடிப்பார்த்தாள். உதட்டோரத்தில், கண்ணோரத்தில். சிரிப்பு எங்கேயும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பார்த்துக் கோபப்பட்டது இன்றைக்குத்தான். சமமான ஆளிடம்தானே மனுஷனுக்குக் கோபம் வரும்!

"பாடம் நடத்தாம? அங்க வந்து உங்களைக் கட்டிப் பிடிச்சு அழுதிருந்தா ரெண்டு பேரும் தண்ணியில கெடந்திருப்போம்!"

"அதுக்காக நாயை விரட்டற மாதிரி என் ஆளை விரட்டினியே!"

"விரட்டலேன்னா தகடு மொத்தமா போயிருக்கும்! ஒத்தை முடிச்சுல எவ்வளவு பாரம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது! தெரியாதுன்னுதான் சொல்றேன்! சொல்லித் தொலையேன், முழுசா!"

ஜன்னல்கள் திறந்தன. பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். விரலால் காற்றில் ஒரு புள்ளி வைத்தாள். அவர் குறுக்கே பேசினார். அவள் குரலை உயர்த்தினாள். அவரும் உயர்த்தினார். சுற்றுவழி நல்ல நீளம், ஆனாலும் அவர்கள் சண்டைக்குப் போதவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தும் சாவியைத் திருப்பாமல், அங்கேயே நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, கத்திக்கொண்டே இருந்தார்கள்.